செங்கோட்டையில் ஒரு பி450 போர்டு: 2019 முதல் இன்றுவரை

பி450 சிப்செட் மதர்போர்டைப் பற்றி இப்போது எழுதுவது பழைய சங்கதிதான். சிப்செட் வந்தது 2018இல். நான் வாங்கியது 2019 கடைசியில். ஆனால் பெட்டி பிரித்த வாரத்தில் எழுதுகிற மதிப்புரையில் ஒரு போர்டைப் பற்றி என்ன தெரிந்துவிடும்? யுஎஸ்பி எத்தனை, லைட் எத்தனை நிறத்தில் எரிகிறது என்பது தெரியும். ஈரக் காலையில் பட்டனைத் தட்டினால் எழுந்திருக்குமா, ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் சொந்த நிரலான பயாஸுக்கு மூன்றாம் வருஷமும் அப்டேட் வருமா, இடி விழுந்த மறுநாள் எது மிஞ்சும் என்பதெல்லாம் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்கு ஊர் செங்கோட்டை. தொழில் கல்யாண ஆல்பம் டிசைன். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் என்பதால் இன்றும் பாதி உறவுக்காரர்கள் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில். வேலையும் அப்படித்தான், தென்காசிக் கல்யாணமும் வரும், புனலூர்க் கல்யாணமும் வரும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றும் சாரலும் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குச் சீசன். கொடியில் போட்ட துண்டு மறுநாளும் ஈரமாகவே இருக்கும் அந்த நாட்களில் எங்கள் கம்ப்யூட்டர்கள் படும் பாடு தனி. காற்றில் கிளை ஒடிந்து லைனில் விழுந்தால் கரண்ட் போய்ப் போய் வரும். ஐப்பசி பிறந்தால் இடி. இந்த மூன்றையும் தாங்கிய போர்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வாங்கியபோது ஏஎம்டியின் ரைசன் 5 3600 பிராசசர், 8 ஜிபி ரேம் இரண்டு, ஒரு என்விஎம்இ டிரைவ் (வேகமான எஸ்எஸ்டி), நடுத்தரமான கிராஃபிக்ஸ் கார்டு. இப்போது அதே போர்டில் ரைசன் 7 5700எக்ஸ் ஓடுகிறது. போர்டு கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லப்போவதில் பெரும்பகுதி இதே ஏஎம்4 பிராசசர் சாக்கெட் உள்ள எந்தப் போர்டுக்கும் பொருந்தும், மெனுவில் பெயர்கள்தான் மாறும்.

முதலில், என்னை ரொம்ப நாள் அலைக்கழித்த பிரச்சினை. சாரல் நாட்களில் காலையில் ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. போர்டின் மேல் ஓரத்தில் சிபியு, ரேம், விஜிஏ, பூட் என்று நான்கு சின்ன லைட்டுகள் இருக்கின்றன. அதில் ரேம் லைட் மட்டும் மஞ்சளாக நிற்கும். ஆஃப் செய்து மறுபடி போட்டால் சில நேரம் வரும். மதியத்துக்கு மேல் எத்தனை தடவை ஆஃப் செய்து போட்டாலும் ஒரு குறையும் இருக்காது. இந்த நான்கு லைட் இல்லாத போர்டை இனி நான் வாங்கமாட்டேன். பீப் சத்தத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்த காலம் போய்விட்டது, கேபினெட்டில் ஸ்பீக்கரே வைத்து வருவதில்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரேம் பாக்கெட்டில் 3200 என்று போட்டிருந்தாலும், செட்டிங்கைத் தொடாவிட்டால் அது 2133, 2400, 2666 என்று ஏதாவது ஒரு அடிப்படை வேகத்தில்தான் ஓடும். பயாஸில் எக்ஸ்எம்பி என்றோ டிஓசிபி என்றோ இருப்பதை ஆன் செய்தால்தான் 3200க்குப் போகும், வோல்டேஜும் 1.2இலிருந்து 1.35க்கு ஏறும். அந்த வேகத்தில் ரேமும் பிராசசரும் ஒத்துப்போகின்றனவா என்று போர்டு ஒவ்வொரு முறை எழும்போதும் சோதித்து, நேர அளவுகளைச் சரிசெய்துகொள்ளும். மெமரி டிரெய்னிங் என்பது அதுதான். அது தேறாவிட்டால் மறுபடி முயலும். கடைசியில் சில போர்டுகள் தாமாகவே அடிப்படை வேகத்துக்கு இறங்கி எழுந்துவிடும். நமக்குத் தெரியாது. "சிஸ்டம் நல்லாத்தான் ஓடுது, கொஞ்சம் மந்தமா இருக்கு" என்று சொல்பவர்களிடம் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் மெமரியைத் தட்டச் சொல்லுங்கள். ஸ்பீடு என்ற இடத்தில் 2666 என்று நின்றால் கதை அதுதான்.

சர்வீஸ் கடையில் கொடுத்தபோது ரேம் போய்விட்டது, புதிதாகப் போடுங்கள் என்றார்கள். போகவில்லை. மெம்டெஸ்ட்86 என்ற சோதனையைப் பென்டிரைவில் ஏற்றி, ராத்திரி முழுக்க விட்டேன். இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். ஒரு பிழைகூட இல்லை. பிறகு ஆரியங்காவில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் வந்தார். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், பயாஸைப் பற்றிப் பேசும்போது இரண்டும் கலந்து வரும். ரேமைக் கழற்றி, தங்க முலாம் பூசிய விளிம்பை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். பளபளப்பு இருக்கவேண்டிய இடத்தில் மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி மாதிரி மெல்லிய மங்கல். "அண்ணாச்சி, இது ஈரமும் தூசியும் சேர்ந்த படலம். எரேசர் போடாதீங்க, முலாம் தேயும், துகள் ஸ்லாட்டுக்குள்ள போகும்" என்றார். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சில்லாத துணியால் துடைத்து, காயவிட்டு, பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்டினார். இரண்டு ரேம் மட்டும் இருந்தால் பெரும்பாலான போர்டுகளில் அதுதான் இடம். முதலும் மூன்றும் போட்டாலும் ஓடும், ஆனால் அதிக வேகத்தில் சிக்னல் அவ்வளவு சுத்தமாக இருக்காது.

அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தோம். அடுத்த மழையில் மறுபடி எட்டிப் பார்த்தது, முன்னளவு இல்லை, அவ்வளவுதான். அதாவது காரணம் இரண்டு. படலம் ஒன்று. விளிம்பில் நிற்கும் டிரெய்னிங் இன்னொன்று. எக்ஸ்எம்பியை வைத்துக்கொண்டே வேகத்தை மட்டும் 3000க்கு இறக்கினேன். அதன்பின் ஒரு காலையிலும் அடம்பிடிக்கவில்லை. போட்டோஷாப்பிலோ ஆல்பம் ஏற்றுமதியிலோ 3200க்கும் 3000க்கும் உள்ள வித்தியாசத்தை என்னால் உணர முடியவில்லை. பின்னால் வந்த ஒரு பயாஸ் பதிப்பில் ஏஎம்டியின் அடிப்படை நிரலான அஜெசா புதிதாக வந்தது. அதற்குப் பிறகு 3200க்குத் திரும்பினேன், நின்றது. அடம்பிடிக்கும் ரேமை விலைக்குப் போடுவதற்கு முன் வேகத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை.

ஒருவேளை செட்டிங் மாற்றித் திரையே வராமல் போனால் பதறவேண்டாம். பவர் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, போர்டில் கிளியர் சிமாஸ் என்று எழுதியிருக்கும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் பத்து விநாடி சேர்த்துப் பிடித்தால் எல்லாம் பழைய நிலைக்கு வரும். அந்தப் பின்கள் எங்கே இருக்கின்றன என்பதை மானுவலில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஃபேனுக்கான பின்னில் ஸ்க்ரூடிரைவர் வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது பேட்டரி. போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு வடிவப் பேட்டரி பல வருஷம் வரும் என்பார்கள். இங்கே அவ்வளவு வராது. காரணம் பேட்டரியில் இல்லை, நம் பழக்கத்தில் இருக்கிறது. இடிக்குப் பயந்து கடை பூட்டும்போது மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டுப் போகிறோம். சுவரில் கரண்ட் இருக்கும்வரை கேபினெட்டின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் தரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரத்தில்தான் போர்டின் கடிகாரம் ஓடுகிறது. அதை அணைத்தால் ராத்திரி முழுக்க வேலை பேட்டரி தலையில். இடிக்கு அணைக்காமலும் இருக்க முடியாது. ஆகவே பேட்டரியை செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

அறிகுறி வேடிக்கையாக வரும். தேதி பின்னால் போய்விடும். உடனே பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று எச்சரிக்கை வரும். சான்றிதழ்களுக்குக் காலவரம்பு உண்டு, கம்ப்யூட்டரின் தேதி அதற்கு வெளியே போனால் நம்பாது. இதை வைரஸ் என்று நினைத்து விண்டோஸையே மாற்றிப் போட்டவர்கள் எனக்குத் தெரியும். மல்ட்டிமீட்டரில் புது பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். நான் கழற்றியது 2.6 காட்டியது. பேட்டரி கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருப்பதால் கார்டைக் கழற்றாமல் கை போகாது. இந்த இடத்தில் வைத்த மகானுபாவர் அதை ஒரு தடவையாவது மாற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

பேட்டரி மாற்றினாலும், கிளியர் செய்தாலும், பயாஸ் அப்டேட் செய்தாலும் செட்டிங் போகலாம். பயாஸுக்குள்ளேயே புரொஃபைல் சேமிக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். புதுப் பதிப்பு ஏறியதும் பழைய புரொஃபைல் அழிந்துவிடுவது உண்டு, திறக்காமல் போவதும் உண்டு. நான் செய்வது: ஃபேட்32 ஃபார்மேட்டில் ஒரு பென்டிரைவைச் செருகி, ஒவ்வொரு பக்கத்திலும் எஃப்12 அழுத்துவது. திரை படமாகச் சேமிக்கப்படும். பெரும்பாலான போர்டுகளில் இந்தச் சாவி வேலை செய்கிறது. அதை மொபைலிலும் ஒரு பிரதி வைத்துக்கொண்டால், திரையே வராத நாளிலும் பார்க்கலாம்.

பயாஸ் அப்டேட்டுக்கு நான் ஆடி மாதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். நம் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் கர்க்கடகம். இரண்டு கூட்டத்திலும் முகூர்த்தம் அனேகமாக இருக்காது, ஆல்பம் அவசரமும் இருக்காது. ஆனால் அதே மாதத்தில்தான் காற்றில் கரண்ட்டும் போய்வரும். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் பயாஸ் சிப்பில் பாதி எழுத்தோடு போர்டு உறைந்துவிடும். அதனால் யுபிஎஸ் பேட்டரி உண்மையில் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று முதலில் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத்தான் தொடுவேன். ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால் இந்தப் பயம் குறைவு. கோப்புக்குச் சொன்ன பெயரை வைத்து, பென்டிரைவைக் குறித்த யுஎஸ்பி துளையில் செருகி, பட்டனை அழுத்தினால் பிராசசரே இல்லாமல்கூட பயாஸ் எழுதிக்கொள்ளும். என்னுடையதில் அது இல்லை. இருநூறு, முந்நூறு அதிகமானாலும் அது உள்ளதை வாங்குங்கள் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

இந்தப் போர்டின் பயாஸ் வரலாறே ஒரு சுவாரசியம். 2020 மே மாதம் ஏஎம்டி, அடுத்து வரும் பிராசசர்கள் 500 வரிசைச் சிப்செட்டில்தான் ஓடும், பி450இல் ஓடாது என்று அறிவித்தது. பயனர்கள் கொதித்தார்கள். அதே மாதத்துக்குள் முடிவு மாறியது. சிக்கலின் ஒரு முனை பயாஸ் சிப்பின் அளவில் இருந்தது. பல போர்டுகளில் இருந்தது 16 எம்பி சிப். 2017இல் தொடங்கிய ரைசன் வரிசை முழுவதற்குமான நிரலை அதற்குள் திணிக்க இடமில்லை. சில கம்பெனிகள் 32 எம்பி சிப் போட்டு அதே போர்டை மறுபடி விட்டன. 16 எம்பிக்காரர்களுக்கு மிகப் பழைய பிராசசர்களின் ஆதரவை எடுத்துவிட்டும், மெனுவின் அலங்காரத்தைக் குறைத்தும் இடம் பண்ணினார்கள். எனக்கும் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு படம் போட்ட மெனு போய், எழுத்து மட்டும் உள்ள மெனு வந்தது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, தேடுவது சட்டென்று கிடைக்கிறது.

5700எக்ஸ் மாற்றியபோது வரிசை முக்கியம். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை ஏற்றிவிட வேண்டும். புதியதை மாட்டிவிட்டுத் திரை வரவில்லையே என்று பார்த்தால் வராது. சில போர்டுகளில் இடையிலுள்ள ஒரு பதிப்பை முதலில் ஏற்றிவிட்டுத்தான் கடைசிப் பதிப்புக்குப் போகமுடியும், இறக்கவும் விடாது. டவுன்லோடு பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படிக்க வேண்டும். அப்புறம், கூலரைக் கழற்றும் விதம். ஏஎம்4இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பேஸ்ட் இறுகியிருக்கும்போது கூலரை நேரே மேலே இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். பத்து நிமிஷம் ஏதாவது ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமும் லேசாகத் திருகினால் பேஸ்ட் விட்டுக்கொடுக்கும். அதன் பிறகே தூக்கலாம்.

புது பிராசசர் மாட்டி முதல் தடவை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி. எஃப்டிபிஎம் (பூட்டுச் சாவிகளைக் காக்கும் டிபிஎம், பிராசசருக்குள்ளேயே இருப்பது) பதிவு மாறிவிட்டது, ஒய் (Y) அழுத்தினால் புதிதாக்கும், என் (N) அழுத்தினால் பழையதை வைத்துக்கொள்ளும். இது பலர் சட்டென்று ஒய் தட்டும் இடம். ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், மீட்புச் சாவி கையில் இல்லாமல் ஒய் தட்டினால் படங்கள் எல்லாம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிராசசரைக் கழற்றுவதற்கு முன்பே பிட்லாக்கரை நிறுத்திவைப்பதும், 48 இலக்கச் சாவியைத் தாளில் எழுதி வைப்பதும் வாடிக்கையாளர் படங்களைக் கையாளும் எவருக்கும் கட்டாயம்.

எஃப்டிபிஎம் என்றதும் விண்டோஸ் 11 ஞாபகம் வருகிறது. 2021 அக்டோபரில் அது வந்தபோது டிபிஎம் 2.0 வேண்டும் என்றது. போர்டில் அது முன்பே இருந்தது, அணைந்திருந்தது. ஆன் செய்தேன். பிறகு பாட்டு ஓடும்போது நடுவில் விக்கல் மாதிரி நின்று வரும். கேபிள், டிரைவர் என்று அலசியும் பிடிபடவில்லை. 2022 மார்ச்சில் ஏஎம்டியே ஒப்புக்கொண்டது, எஃப்டிபிஎம் தன் தகவலைப் பயாஸ் சிப்பில் எழுதிப் படிக்கும்போது சில கணினிகளில் இப்படித் தடங்கல் வருகிறது என்று. புதிய அஜெசாவோடு வந்த பயாஸில் போய்விட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்ததால் இப்போது மாறுகிறவர்கள், முதலில் பயாஸைப் புதுப்பித்துவிட்டு எஃப்டிபிஎம்மைத் தொடுங்கள். டிரைவைப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் விண்டோஸ் போட்டிருந்தால், பயாஸில் பழைய முறையில் எழ உதவும் சிஎஸ்எம் செட்டிங்கை அணைத்ததும் டிரைவே தெரியாது. டிரைவைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றிய பிறகுதான் அதை அணைக்க வேண்டும். எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது.

இடி என் போர்டில் ஒரே ஒரு பலி வாங்கியது, லேன் போர்ட். ஃபைபர் வந்துவிட்டதே, இனி இடி வராது என்று இங்கே பலர் நம்புகிறார்கள். கண்ணாடி நூல் வழியாக வராதுதான். ஆனால் அந்த ஃபைபர் பெட்டிக்கு ஒரு அடாப்டர், அடாப்டருக்கு ஒரு பிளக், பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தாமிரக் கேபிள். வழி இருக்கிறது. மறுநாள் போர்ட்டின் லைட் எரியவில்லை, விண்டோஸ் ஏறவும் வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. பாதி செத்த சிப்பை ஒவ்வொரு முறையும் தேடிக்கொண்டிருந்தது. பயாஸில் ஆன்போர்டு லேன் கண்ட்ரோலரை டிசேபிள் செய்து, சில நூறு ரூபாய்க்கு ஒரு பிசிஐஇ லேன் கார்டு மாட்டினேன். அவ்வளவுதான். வாரண்டியில் கொடுக்கப் போனபோது மின்னல் சேதம் கணக்கில் வராது என்று திருப்பிவிட்டார்கள், அது பெரும்பாலான வாரண்டித் தாள்களில் பொடி எழுத்தில் இருப்பதுதான். இப்போது வானம் இருண்டால் பவர் பிளக்கோடு லேன் கேபிளையும் பிடுங்குகிறேன். எர்த்தையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்தோம். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது என்றால் எர்த் இல்லை என்று அர்த்தம், போர்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

மற்றபடி நான் தொட்ட செட்டிங்குகள் கொஞ்சம்தான். கரண்ட் போய்வந்தால் என்ன செய்வது என்ற ரெஸ்டோர் ஏசி பவர் லாஸ், எனக்கு பவர் ஆஃப். ஐந்து நிமிஷத்தில் நான்கு தடவை கரண்ட் விட்டு விட்டு வரும் ஊரில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் தானாக எழுந்து விழுவது டிரைவுக்கு ஆகாது. ஆரியங்காவுத் தம்பி ஒரு கடைக்கு சிசிடிவி பதிவுக்காகப் போட்ட கம்ப்யூட்டரில் அதையே பவர் ஆன் என்று வைத்தார், அங்கே ஆள் இல்லாமலே எழவேண்டும். இன்னொரு இடத்தில் முதல் தலைமுறை ரைசன், பழைய எஸ்எம்பிஎஸ். சும்மா இருக்கும்போது உறைந்துவிடும், வேலை கொடுத்தால் ஓடும். பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோலை டிபிகல் கரண்ட் ஐடில் என்று மாற்றியதும் நின்றது. பிராசசர் ஓய்வில் இழுக்கும் மிகக் குறைந்த மின்சாரத்தைப் பழைய எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை. ஃபேன் வேகத்தை 60 டிகிரி வரை மெதுவாக வைத்திருக்கிறேன், அதற்கு மேல் ஏறட்டும். ஓவர்கிளாக்கிங் பக்கம் போகவில்லை. ஆல்பம் டிசைனுக்கு அதனால் மிச்சமாகும் நேரத்தில் ஒரு டீகூடக் குடிக்க முடியாது.

பிடிக்காதவையும் சொல்லிவிடுகிறேன். என்விஎம்இ டிரைவ் செருகும் எம்.2 ஸ்லாட்டில் இரண்டாவதில் டிரைவ் போட்டால், மற்ற டிரைவ்களின் கேபிள் செருகும் சாட்டா போர்ட்டில் இரண்டு செத்துவிடுகிறது. மானுவலில் இருக்கிறது, பெட்டியில் இல்லை. பவர் பகுதியின் ஹீட்சிங்க் பெயருக்குத்தான், 65 வாட் பிராசசருக்குப் போதும், 105 வாட் வகையை நான் இதில் மாட்டமாட்டேன். ஆடியோவில் மழைக்காலத்தில் லேசான இரைச்சல் வரும், எடிட்டிங்குக்கு யுஎஸ்பி சவுண்டு கார்டுக்கு மாறிவிட்டேன்.

இன்று புதிதாகக் கம்ப்யூட்டர் கட்டுபவருக்கு ஏஎம்5தான் வழி, 2022லிருந்து அந்த சாக்கெட் ஓடுகிறது. ஆனால் வீட்டில் ஏஎம்4 போர்டும் 3600 போன்ற பிராசசரும் இருந்தால் 5000 வரிசைக்கு மாறுவது ரேம், போர்டு இரண்டின் செலவையும் மிச்சப்படுத்தும். செகண்ட் ஹேண்டில் பி450 வாங்குகிறவர்கள் விற்பவர் முன்னாலேயே ஆன் செய்யச் சொல்லி, எல்லா ரேம் ஸ்லாட்டும் வேலை செய்கிறதா, லேன் லைட் எரிகிறதா, பின்பக்க யுஎஸ்பி எல்லாம் படிக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். பயாஸ் பதிப்பையும் முதல் திரையில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பு என்றால் உங்கள் புது பிராசசர் அதில் எழாது, அப்டேட் செய்ய மட்டும் ஒரு பழைய பிராசசரைக் கடன் வாங்கவேண்டி வரும்.